காருக்கு ஆம்ப் வாங்குமுன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

ஒரு நாள் காலை, தீவு விரைவுச்சாலையில் ஒலி 96.8 வானொலி கேட்டபடி போய்க்கொண்டிருந்தேன். செய்தி வாசித்தவரின் குரல் திடீரென்று போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. இடப்பக்க ட்வீட்டர், அதாவது உச்ச ஓசைகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், கருகியிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பொருத்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெட்டியின்மேல் '1,200 வாட்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்த ஆம்ப் அது. ஸ்பீக்கரோ 55 வாட். "வாட் கூடிப்போய்விட்டது" என்றார்கள் பொருத்திய கடையில். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையில் வாட் போதாமல்தான் அது கருகியது என்று எனக்குப் புரிவதற்கு இன்னும் இரண்டு மாதமும் ஏறக்குறைய 400 வெள்ளியும் செலவாயின.

சிங்கப்பூருக்கு வந்து, முதல் கார் வாங்கி, நல்ல பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் சொல்லும் விலைகள் எல்லாம் நான் கையிலிருந்து கொடுத்தவை. உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

1. காருக்கு இன்னும் எத்தனை வருடம்?

ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். இங்கே அந்தச் சான்றிதழ் ஒரு காருக்கு 10 ஆண்டு செல்லும். அதன்பின் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் பதிவை நீக்க வேண்டும். அன்று உங்கள் ஆடியோவுக்கு யாரும் ஒரு காசு கூட்டித் தரமாட்டார்கள். எனவே கழற்றி அடுத்த காருக்குக் கொண்டுபோகக்கூடிய வகையில் பொருத்தச் சொல்லுங்கள். பழைய ஸ்பீக்கர்களையும் திருகுகளையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள். என் வீட்டில் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வேறு எங்கே வைப்பது?

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்காமல் எதையும் கழற்றாதீர்கள். கம்பியை வெட்டாமல் செருகிக் கழற்றக்கூடிய இணைப்பிகள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. உத்தரவாதக் காலம் முடியாத புதுக் காருக்கும் அதுவே நல்லது. நாளை எந்த மின்கோளாறு வந்தாலும் வெட்டி ஒட்டிய கம்பியைத்தான் முதலில் கைகாட்டுவார்கள்.

2. ஸ்பீக்கரின் முதுகில் மூன்று எண்கள்

ஸ்பீக்கரைத் திருப்பிக் காந்தத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியவை மூன்றே எண்கள்.

முதலாவது, ஆர்எம்எஸ் வாட். ஸ்பீக்கர் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தாங்கும் அளவு இதுதான். பக்கத்திலேயே இரண்டு மூன்று மடங்காக 'பீக்' அல்லது 'மேக்ஸ்' என்று ஓர் எண் பெரிதாக இருக்கும். அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இரண்டாவது, ஓம், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு. கார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 ஓம். சில 2 அல்லது 3 ஓம். சீட்டு கிழிந்திருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். பழுது என்று பதற வேண்டாம். மீட்டர், ஸ்பீக்கருக்குள் உள்ள கம்பிச் சுருளின் நேர்மின்தடையை மட்டும் அளக்கிறது. பாட்டு ஓடும்போது இருக்கும் மின்மறுப்பு அதைவிடக் கூடுதல்.

மூன்றாவது எண்ணைக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை: உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு. இதில் 3 டெசிபெல் கூடினால், பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைத்துவிடும். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதுமென்றால், அதே சத்தத்துக்கு 87 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட் கேட்கும். பெரிய ஆம்புக்குக் கூடுதலாக 150 வெள்ளி கொடுப்பதைவிட, உணர்திறன் கூடிய ஸ்பீக்கருக்கு 40 வெள்ளி கூட்டிக் கொடுப்பது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

3. ஆம்பின் பெட்டியை விடுங்கள், ஃபியூஸைப் பாருங்கள்

என் 1,200 வாட் ஆம்பைக் கடைசியில் கழற்றிப் பார்த்தவர், கப்பல் பட்டறையில் மின்வேலை செய்யும் என் நண்பரின் அண்ணன். கோப்பிக்கடை மேசையில் அதைத் தலைகீழாக வைத்து, பக்கவாட்டில் செருகியிருந்த ஃபியூஸை விரலால் தட்டிக் காட்டினார். பச்சை நிறம், 30 ஆம்பியர்.

"தம்பி, பெட்டியை ஏன் படிக்கிறாய்? இதைப் படி" என்றார். பிறகு டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டார்.

எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 வோல்ட். 30 ஆம்பியரை அதனால் பெருக்கினால் 414 வாட். ஆம்புக்குள் நுழைவதே அவ்வளவுதான். அது ஏபி வகுப்பு ஆம்ப். நுழைவதில் 60 விழுக்காடுபோலத்தான் ஒலியாக வெளியே வரும், மிச்சம் வெறும் சூடு. ஆக மொத்தம் சுமார் 250 வாட், நான்கு சானலுக்கும், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் நான்கு தனி வெளியீடுகளுக்கும், சேர்த்து. அதுவும் ஃபியூஸ் முழுவதையும் இழுத்தால். அந்த ஆம்பின் விவரத்தாளைத் தேடிப் பார்த்தபோது உண்மையான அளவு சானலுக்கு 35 வாட் என்று இருந்தது.

35 வாட் ஆம்பிடம் நான் 55 வாட் சத்தம் கேட்டேன். ஆம்பில் இருக்கும் கெயின் என்ற திருகை முழுக்கத் திருகி வைத்திருந்தேன். சக்திக்கு மேல் கேட்டால் ஆம்ப் அலையின் தலையையும் காலையும் தட்டையாக வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் சராசரி மின்சக்தி ஏறுகிறது. மூலப்பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களும் முளைக்கின்றன. அவை நேராக ட்வீட்டருக்குப் போகின்றன. ட்வீட்டரின் சுருளோ தலைமுடிபோல மெல்லியது. கருகாமல் என்ன செய்யும்?

பொருத்தம் பார்க்கும் முறை இதுதான். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் அளவும், அதே ஓமில் ஆம்ப் ஒரு சானலுக்குத் தரும் ஆர்எம்எஸ் அளவும் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஆம்ப் கால் பங்கு கூடுதலாக இருக்கலாம். 55 வாட் ஸ்பீக்கருக்கு 55 முதல் 70 வாட் ஆம்ப். 'அதே ஓமில்' என்பதைக் கவனியுங்கள்: விளம்பரத்தில் 2 ஓம் அளவைப் போட்டிருப்பார்கள், உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும், கிடைப்பது அதைவிடக் குறைவு. சிடிஏ-2006 அல்லது அதன் பழைய பெயரான சிஇஏ-2006 முத்திரை இருந்தால், 14.4 வோல்டில், 4 ஓமில், ஒரு விழுக்காட்டுக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்தது என்று பொருள். அந்த எண்ணை நம்பலாம்.

வாங்குவதென்றால் டி வகுப்பு ஆம்பாக வாங்குங்கள். உள்ளே போவதில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒலியாகத் தரும். நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய கார் அடுப்புபோல் இருக்கும்; அதற்குள் இன்னோர் அடுப்பு வேண்டாம்.

இன்னொன்று. காரின் ஹெட் யூனிட்டில், அதாவது முன்பலகையில் இருக்கும் வானொலிப் பெட்டியில், '50 வாட் × 4' என்று எழுதியிருப்பதும் பீக் கணக்குதான். மெய்யாக வருவது 15 முதல் 22 வாட்.

4. ஓம் கணக்கு

கதவு ஸ்பீக்கர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை: ஒரு சானலுக்கு ஒரு ஸ்பீக்கர், முடிந்தது. அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் வைக்கப் போகிறவர்கள்தான் இங்கே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

சுருள்களைப் பக்க இணைப்பில் போட்டால் ஓம் குறையும், தொடரிணைப்பில் போட்டால் கூடும். இரட்டைச் சுருள் கொண்ட 4 ஓம் சப்வூஃபர் ஒன்றைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், தொடரில் 8 ஓம். இரட்டைச் சுருள் 2 ஓம் என்றால், பக்க இணைப்பில் 1, தொடரில் 4. எந்த ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் ஆம்ப் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தள்ளும், சூடாகும், தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

எங்கள் அடுத்த புளோக்குத் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. இரட்டைச் சுருள் 4 ஓம் சப்வூஃபர் இரண்டு வாங்கி, நான்கு சுருளையும் பக்க இணைப்பில் போட்டுவிட்டார். மொத்தம் 1 ஓம். ஆம்போ பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சானலை ஒன்றாகச் சேர்த்தால்) 4 ஓமுக்குக் கீழ் போகக்கூடாது என்ற வகை. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரின் பின்பெட்டியைத் திறந்து காட்டினார். பாட்டு தொடங்கி, முதல் தவில் அடி விழுந்ததும் சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டால் பச்சை. மறுபடி அடி, மறுபடி சிவப்பு. ஆம்பின் மேல் கை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன், அத்தனை சூடு. "ஆம்ப் பழுது அண்ணே, மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று புலம்பினார். ஒவ்வொரு சப்வூஃபரின் இரு சுருளையும் தொடரில் போட்டு 8 ஆக்கி, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து 4 ஓமுக்குக் கொண்டுவந்தோம். கால் மணி நேர வேலை, ஒரு காசு செலவில்லை. விளக்கு அப்புறம் பச்சையிலிருந்து மாறவே இல்லை.

பிரிட்ஜ் செய்வது என்றால் இரண்டு சானலைச் சேர்த்து ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. அப்போது ஒவ்வொரு சானலும் பாதி ஓமைத்தான் பார்க்கிறது. 4 ஓம் சப்வூஃபர் ஒவ்வொரு சானலுக்கும் 2 ஓம் சுமை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரே நான்கு சானல் ஆம்ப், முன் கதவு இரண்டுக்கும் இரண்டு சானல், மீதி இரண்டைப் பிரிட்ஜ் செய்து ஒற்றைச் சுருள் 4 ஓம் சப்வூஃபர் ஒன்று. பின்கதவு ஸ்பீக்கர்களை மறந்துவிடுங்கள். பின்னால் உட்காருகிறவர்கள் கைப்பேசிதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

5. கம்பியும் எர்த்தும்

பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் கம்பி எவ்வளவு தடிமன் வேண்டும்? மொத்த ஆர்எம்எஸ் வாட்டை, உள்ளே போவதில் ஆம்ப் ஒலியாகத் தரும் பங்கால் (டி வகுப்புக்கு 0.8) வகுத்து, 13.8ஆல் மறுபடி வகுங்கள். சானலுக்கு 60 வாட், நான்கு சானல், டி வகுப்பு என்றால் 240ஐ 0.8ஆல் வகுக்க 300, அதை 13.8ஆல் வகுக்க ஏறத்தாழ 22 ஆம்பியர். 8 கேஜ் செம்புக் கம்பி தாராளம். பின்னால் இன்னோர் ஆம்ப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 கேஜ் போட்டுவிடுங்கள். கம்பளத்தைத் தூக்கும் கூலி ஒருமுறையோடு போகும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

மலிவான கம்பித் தொகுப்புகளில் இருப்பது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்சாரம் கடத்துவதில் இது செம்பின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகளில் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

மூன்று இடங்களில் மட்டும் பட்டறைக்காரரின் பக்கத்திலேயே நில்லுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் வேண்டும். அது ஆம்பைக் காக்க அல்ல. வழியில் கம்பி உரசிக் காரின் உடம்பைத் தொட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. அதேபோல் எஞ்சின் பக்கத்துத் தகட்டைக் கம்பி கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். ஆம்பைக் காரின் உடம்போடு இணைக்கும் எர்த் கம்பி 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. அது சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். எஞ்சினை முறுக்கும்போது ஸ்பீக்கரில் கொசுபோல் ஓர் இரைச்சல் ஏறி இறங்கினால், பெரும்பாலும் எர்த்தோ, மின்கம்பியோடு ஒட்டி ஓடும் ஆர்சிஏ கம்பியோதான் (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குச் சமிக்ஞை கொண்டுபோவது) காரணம். ஆர்சிஏ காரின் ஒரு பக்கம், மின்கம்பி மறுபக்கம்.

ஆம்பை இருக்கைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். மழைக்காலத்தில் நனைந்த குடையை எங்கே போடுவீர்கள் என்று யோசித்துவிட்டுச் சம்மதியுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு: ஆரஞ்சு நிறக் கம்பி எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள், உயர் மின்னழுத்தம். இந்த வகைக் கார்களில் 12 வோல்ட் பேட்டரி பலவற்றில் பின்பெட்டியிலேயே இருக்கும் என்பதால் கம்பி நீளமும் கூலியும் குறையலாம். கேட்டுப் பேரம் பேசுங்கள்.

6. பட்டறையும் தாள்களும்

ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரங்களில் கார் ஆடியோ பொருத்தும் இடங்கள் உண்டு. குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வாயால் சொல்லும் விலை விலையே அல்ல. விலைப்பட்டியலில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: ஆம்பின் முழு மாடல் எண், கம்பியின் கேஜ், செம்பா அலுமினியமா, கூலி, பொருளுக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், பொருத்திய வேலைக்கு எத்தனை மாதம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி உட்பட்டதா இல்லையா. கடைசி வரியைக் கேட்க மறந்து நான் ஒருமுறை பணப்பையைத் துழாவியிருக்கிறேன்.

இரண்டாம் முறை சரியாகச் செய்தபோது எனக்கு ஆனது: சானலுக்கு 60 வாட் ஆம்ப் 340 வெள்ளி, முன்கதவுக்கு 55 வாட் ஸ்பீக்கர் ஜோடி 210, செம்புக் கம்பித் தொகுப்பு 75, கூலி 220. மொத்தம் 845 வெள்ளி. சப்வூஃபரை ஆறு மாதம் கழித்துத்தான் சேர்த்தேன். வேலை ஐந்து மணி நேரம் பிடித்தது. வாரநாள் காலையில் முதல் ஆளாகக் காரை விடுங்கள்; மாலையில் அவசரமாகப் பொருத்தும் கதவு அட்டை ஆயுளுக்கும் கிறீச்சிடும். சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் போகாதீர்கள். ஏதாவது கோளாறென்றால் பட்டறை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு என்ன பொருத்தினீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். ஆம்போடு திரையையும் மாற்றுகிறவர்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் மாற்றங்களுக்கான விதிகளை முதலில் படியுங்கள். 3 வயதிலிருந்து 10 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், 10 தாண்டினால் ஆண்டுதோறும் காரைச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். அந்த வரிசையில் நின்றுகொண்டு விதி படிக்க முடியாது.

ரசீதைத் தொலைக்காதீர்கள். கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே இருந்த பழுது என்றே இங்குள்ள சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. பேசித் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் தொகை 10 வெள்ளி. ஆனால் செயலியில் தனிநபரிடம் வாங்கிய பழைய ஆம்புக்கு அந்த 6 மாதப் பாதுகாப்பு கிடையாது. என் முதல் ஆம்ப் அப்படி வாங்கியதுதான்.

7. ஜோகூர் பாரு ஆசை

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் பொருத்தினால் கூலி குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். வெளியே வாங்கிக் கொண்டுவரும் பொருளுக்கு இங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையும், அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி வரையும் சலுகை என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சலுகை நம்மைப்போல் வேலை அனுமதி, எம்பிளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்குக் கிடையாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. முதல் வெள்ளியிலிருந்தே வரி. 420 வெள்ளிப் பொருளுக்கு நான் 37 வெள்ளி 80 காசு கட்டினேன். ரசீதோடு சுங்கச் சோதனையின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லிவிடுவதுதான் நல்லது; சுங்கத்துறையின் இணையச் சேவையில் முன்கூட்டியே கட்டவும் வழி உண்டு. போகும்போது எரிபொருள் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அப்புறம், ஒரு கம்பி கழன்றாலும் உத்தரவாதத்துக்காக மறுபடி பாலத்தில் நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அப்படி நின்றேன், போதும்.

8. கெயின் திருகு

கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகு அல்ல. ஹெட் யூனிட் அனுப்பும் சமிக்ஞைக்கும் ஆம்புக்கும் பொருத்தம் செய்து வைக்கும் திருகு. பட்டறையில் காதால் கேட்டே திருகிவிடுவார்கள். நீங்கள் 20 வெள்ளி மல்டிமீட்டரில் சரிபார்க்கலாம்.

வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 60 வாட், 4 ஓம் என்றால் 240இன் வர்க்கமூலம், 15.5 வோல்ட். ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஆம்பிலுள்ள ஒலி வடிகட்டிகளை (ஃபில்டர்) அணைத்து, பாஸ் பூஸ்டைச் சுழியத்தில் வைத்து, ஈக்வலைசரைத் தட்டையாக்குங்கள். கெயினை அடியோடு குறைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட் யூனிட்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மலிவான மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம் என்பதால் 60. மீட்டரை மாறுமின்னோட்ட வோல்டில் வைத்து, ஆம்பின் வெளியீட்டில் 15.5 வரும்வரை கெயினை மெதுவாகத் திருகி நிறுத்துங்கள். எல்லாவற்றையும் அணைத்தபின் ஸ்பீக்கரை இணையுங்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள். ஸ்பீக்கரை இணைத்தபின் பாட்டுப் போட்டுப் பார்ப்பது இரவில் புளோக்குக்குக் கீழே வேண்டாம், சப்வூஃபரின் அதிர்வு சுவர் வழியே பல மாடி ஏறும்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, சப்வூஃபருக்கு 80க்கு மேலே வெட்டும் வடிகட்டி. அங்கிருந்து தொடங்கி, பத்து பத்தாக நகர்த்தி, பழகிய ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தின் அடித்தொனிப் பக்கமான தொப்பி பின்பெட்டியிலிருந்தும், உச்சத்தொனிப் பக்கமான வலந்தலை கதவிலிருந்துமாகப் பிரிந்து கேட்டால் வடிகட்டி இன்னும் சரியாகவில்லை. இரண்டும் ஒரே ஆளின் மடியிலிருந்து வர வேண்டும். ஓசை மெலிந்து நடுவில் குழி விழுந்ததுபோல் இருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கூட்டல் முனையும் கழித்தல் முனையும் மாறியிருக்கின்றன. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: கூட்டலைக் கூட்டலோடு தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

திருகை நிறுத்திய இடத்தில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். வேறு வேலைக்காகக் காரைப் பட்டறையில் விடும்போது யாராவது கை வைத்துவிடுவார்கள். என் ஆம்பில் அந்த அடையாளம் சிவப்பாக இருக்கும். வீட்டில் கேட்காமல் எடுத்த நகப்பூச்சு.